தாடிக் கோடரிக்காரர்கள்

மனித குலத்தில் தாடிக் கோடரிக்காரர் என்றொரு இனம் உண்டு. நார்வேயில் எங்கள் கடலோரத்தில் இவர்கள் மழையைப் போலவே தாராளம். இவர்கள் முகத்தில் தாடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கோடரிக்கு இருந்தே தீர வேண்டும். வெட்டுவாயின் கீழ்ப்பகுதி மட்டும் மோவாயிலிருந்து தாடி தொங்குவதுபோல் இறங்கியிருக்குமே, அந்த வைக்கிங் காலத்துக் கோடரி. அதை வாங்குவார், எண்ணெய் பூசுவார், தோலில் உறை தைப்பார், சுவரில் மாட்டுவார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். விறகு வெட்டுவாரா? கேட்டுவிடாதீர்கள், மனம் புண்படும்.

என் நண்பர் எய்னார் இந்த இனத்தின் திலகம். பெர்கனில் பல் மருத்துவர். மலைமேல் ஒரு மரவீடு வைத்திருக்கிறார். மாமனார் ஹால்வர், படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வாயால் "கைவேலை தெரிஞ்சவன்" என்று ஒரு வார்த்தை வராதா என்று கல்யாணமான நாளிலிருந்து ஏங்குகிறார் எய்னார்.

போன அக்டோபரில் எய்னாரும் அவர் மனைவியும் அந்த மாமனாரும் நானுமாகத் தொப்பலாக நனைந்து மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. விறகெல்லாம் நனைந்த முழுக் கட்டைகள். வீட்டிலிருந்த சாதாரணக் கோடரியை, வரலாறே இல்லாத பொருள் என்று எய்னார் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"மாமா, இதப் பாருங்க" என்று தாடிக் கோடரியை இறக்கினார். "உடம்பு மிருதுவான இரும்பு, வாய் மட்டும் எஃகு. காய்ச்சி அடிச்சு ஒட்டினது. தாடி எதுக்குங்கிறீங்க? வாய் நீளம், ஆனா கனம் கம்மி. தாடிக்குப் பின்னால கைய வெச்சுப் புடிச்சா மரத்த நைசா சீவலாம். சண்டையில எதிராளி கேடயத்தையே கொக்கி போட்டு இழுக்கலாம்!"

"கேடயத்த அப்புறம் இழுப்போம் மாப்ளே. கால் மரத்துப் போச்சு. ரெண்டு கட்டையப் பொளந்து போடுங்க."

"இதாலயா? வாய் மழுங்கிடுமே மாமா!"

மாமனாரின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. பல் மருத்துவர் காதில் அது விழவில்லை.

அடுப்பில் ஏற்ற வேண்டிய சூப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்த எய்னாரின் மனைவி சிக்ரிட் பாத்திரத்தை வைத்தாள். கோடரியை வாங்கினாள். அந்த வீட்டில் நன்றாகக் காய்ந்த மரம் ஒன்றே ஒன்றுதான்: கோடரியை மாட்டுவதற்காக எய்னார் மாதக்கணக்கில் இழைத்த ஓக் பலகை. அதைக் கழற்றித் தரையில் வைத்து ஒரே போடு.

எய்னார் அலறினார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"சிக்ரிட், கைய இன்னும் மேல புடி! தாடிக்குப் பின்னால!" என்றார்.

அடுப்பு எரிந்தது. மீன் சூப்பை உறிஞ்சிக்கொண்டே மாமனார், "கைவேலை தெரிஞ்சவ" என்றார், மகளைப் பார்த்து. எய்னார் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் மறு வாரமே, கோடரியின் வாயில் விழுந்திருந்த சின்னச் சிதைவைத் தொட்டுக் காட்டி, கேடயத்தில் பட்டால் இப்படித்தான் ஆகும் என்று புது விருந்தாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் கோடரிக்குத் தாடி எதற்கு என்று இப்போது உங்களுக்கும் தெரியும். இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமாவது சொல்ல நாக்கு துறுதுறுக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அடுப்படியிலிருந்து யாராவது உங்களை வெகு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.