குருவி காட்டிய கிணறு

கூச்சம் உள்ளவனுக்கு யாரிடமும் போய்க் கேட்க வராது. கேட்க வராதவன் எதையாவது நம்பிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவான். நான் ஒரு குருவியை நம்பிக் கிணறு வெட்டினேன். ஒரே ஒரு தரம் தவிர, இதை இத்தனை காலமும் என் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. (சொல்லத் தேவையும் வரவில்லை. எங்கள் ஊர் முரசுமோட்டையில் எனக்கு முன்னமே எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயல், அதையொட்டிக் கொஞ்சம் மேட்டுக்காணி, தென்னங்கிடுகு வேய்ந்த மண்வீடு, நாலு மாடு. இவ்வளவும் இருந்தன. பேச்சு மட்டும் இல்லை. பக்கத்துக் காணியில் இருந்த அக்காதான் என்னுடைய பேச்சையும் சேர்த்துப் பேசுவா. கடைக்கு நானே போக நேர்ந்தால் சீனி மூட்டையில் விரலை வைத்துக் காட்டிவிட்டு நிற்பேன். கடைக்காரர் "எவ்வளவு?" என்று கேட்டால் அன்றைக்குச் சீனி இல்லாத தேத்தண்ணிதான்.

அக்கா எனக்கு ஒரு சம்பந்தம் பேசினா. பெண்ணின் பெயர் பூமணி. கோயிலில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். (முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நடந்த திசையைப் பார்த்தேன்.) தகப்பன் சின்னத்தம்பியர், இரண்டு மைல் தள்ளி இருப்பவர், நிலத்துக்குள் தண்ணீர் ஓடும் இடம் பார்ப்பதில் பெயர் எடுத்தவர். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காணியைச் சுற்றி நடப்பார். நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழும்பி நிற்கும். அவர் வந்து பார்க்காமல் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கிணற்றுக்கு மண்வெட்டி எடுப்பதில்லை.

அவர் அக்காவுக்குச் சொல்லி அனுப்பிய பதில் இதுதான்: "பெடியன் நல்லவன். காணி இருக்கு. ஆனால் கிணறு இல்லை. என்ர பிள்ளை வாய்க்காலுக்குப் போய்க் குடத்தில தண்ணி தூக்காது. முதல்ல கிணறு. பிறகு கலியாணக் கதை."

"பிறகென்ன, நாளைக்கே போய் அவரையே கூட்டிக்கொண்டு வா," என்றா அக்கா. "மாமா, வந்து இடம் பாருங்கோ எண்டு ஒரு சொல்லு. அவர் அதைத்தான் பாத்துக்கொண்டு இருப்பார்."

ஒரு சொல். அதுதான் என்னிடம் இல்லை. பெண் கேட்ட வீட்டுக்கே போய், பெண்ணைத் தருவதற்காக அவர் கேட்ட கிணற்றை அவரையே காட்டச் சொல்வதா? மூன்று நாள் புறப்பட்டேன். முதல் நாள் என் வேலிப் படலை வரைக்கும். இரண்டாம் நாள் வாய்க்கால் கட்டு வரைக்கும். மூன்றாம் நாள் அவருடைய வேலி வரைக்கும் போய், அங்கே மேய்ந்த ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இந்த நேரத்தில்தான் காசிம் நானா வந்து சேர்ந்தார். முல்லைத்தீவில் இருந்து சைக்கிளில் சாரமும் சீத்தைத் துணியும் கட்டிக்கொண்டு வந்து விற்பவர். என் வீட்டுப் பாலை மர நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு இளைப்பாறுவார். அவரோடு எனக்குக் கூச்சம் இல்லை, ஏனென்றால் என்னைப் பேசவிட மாட்டார்.

அன்றைக்கு வளவில் ஒரு கொண்டலாத்தி மேய்ந்துகொண்டிருந்தது. செங்காவி உடம்பு, கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட செட்டை, தலையில் விசிறி மாதிரி விரிந்து மடியும் கொண்டை. நாலடி நடக்கும், நீண்ட சொண்டை மண்ணுக்குள் இறக்கும், எடுக்கும், மறுபடி இறக்கும். தையல் மெசினின் ஊசி போல.

"இந்தக் குருவி லேசுப்பட்டது இல்ல, தம்பி," என்றார் நானா. "இதுதான் ஹுத்ஹுத். சுலைமான் நபியிட படையில இருந்தது. வனாந்தரத்தில படை போகேக்க எல்லாருக்கும் தொழுகைக்கு ஒளுச் செய்ய, கைகால் கழுவத் தண்ணி வேணுமே. இது மேல பறந்து பாக்கும். கண்ணாடிப் போத்தலுக்குள்ள எண்ணெய் தெரியிற மாதிரி, மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி இதுக்குத் தெரியும். இது சொண்டால காட்டுற இடத்தில தோண்டினால் ஊத்து வரும்."

பிறகு அந்தக் குருவி ஒருநாள் படையில் காணாமல் போனது, நபி கோபித்தது, அது சபா நாட்டு அரசியின் செய்தியோடு வந்து நின்றது, கடிதம் கொண்டுபோனது எல்லாம் சொன்னார். நான் கேட்கவில்லை. என் கண் குருவியின் சொண்டிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் பார்க்கிற ஆள் என் காணிக்குள்ளேயே நிற்கிறார். கூப்பிடவும் தேவையில்லை, வெற்றிலை வைக்கவும் தேவையில்லை.

மறுநாள் விடியத் தொடங்கினேன். குருவி குத்திய இடமெல்லாம் ஒரு தடி நட்டேன். நாலாம் நாள் வளவு முழுக்கத் தடி.

"என்னடா இது, வெண்டி போடப் போறியோ?" என்றா அக்கா.

"ஓம்," என்றேன்.

தடிகள் நெருக்கமாக நின்ற ஒரு மூலையைத் தெரிவுசெய்து வெட்டத் தொடங்கினேன். முதல் நாலு அடி வெண்ணெய் போலப் போனது. மண்ணில் ஒரு ஈரம், விரல் பருமனில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள். எல்லாம் நல்ல சகுனம் என்று நினைத்தேன். கொண்டலாத்தி வந்து, நான் அள்ளிப் போட்ட மண்ணின் மேல் நின்று கொண்டையை விரித்து விரித்துப் பார்த்தது. மேற்பார்வைக்கு வந்திருக்கிறது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அது புழுவைப் பொறுக்கி விழுங்கியதையும் பார்த்தேன்தான். வேலைக்கு வந்தவர் சாப்பிடாமல் இருப்பாரா?

(அந்த மூலையில்தான் போன வருசம் வரைக்கும் என் மாட்டுப் பட்டி இருந்தது. பட்டியை இடம் மாற்றியதும் நான்தான். பழைய சாணி மண்ணில் புழு இருக்கும், புழு இருக்கிற இடத்தில் குருவி குத்தும் என்று யோசிக்க ஐந்தாம் வகுப்பே போதும். எனக்கு அந்த நேரம் கலியாண யோசனை.)

ஒரு ஆள் ஆழத்துக்கு மேல் தனியாக வெட்ட முடியாது. மண் நிறைந்த கடகத்தை மேலே இழுக்க அத்தான் வந்தார். அவரும் அதிகம் பேசாதவர். அன்றைக்கென்று பேசினார்.

"ஆர் இடம் பாத்தது?"

"ஒரு ஆள்."

"எந்த ஊர்?"

குழிக்குள் நின்ற எனக்குக் காசிம் நானாவின் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. "முல்லைத்தீவுப் பக்கம்."

"பேர்?"

"சுலைமான்ர ஆள்."

பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அத்தான் அன்று பின்னேரமே கூட்டுறவுச் சங்கக்கடையில் வைத்து, முல்லைத்தீவில் இருந்து புதிதாக ஒருவர் வந்து மச்சானுக்கு நீர் பார்த்துக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மைல் நடப்பதற்கு அந்தக் கதைக்கு ஒரு இரவு போதுமாக இருந்தது.

குழி இரண்டு ஆள் ஆழம் போனது. ஈரம் நாலு அடியோடு நின்றுவிட்டது. கீழே காய்ந்த கிறவல், கல்லும் மண்ணும் இறுகிக் கிடந்தது. அலவாங்குக் கம்பியைப் போட்டால் நெருப்புப் பறந்தது. நான் குருவியில் குற்றம் காணவில்லை. நாங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று, அதன் கூட்டைத் தேடினேன். பாலை மரத்தில் என் முக உயரத்தில் ஒரு பொந்து. ஆண் குருவி இரையைக் கொண்டுவந்து உள்ளே கொடுத்துவிட்டுப் போகும். ஏதாவது தெரியவரும் என்று கையை விட்டேன். உள்ளே இருந்து பாம்பு மாதிரி ஒரு சீறல். அடுத்த நொடி சூடாக ஏதோ முழங்கை வரைக்கும் பீச்சி அடித்தது. குஞ்சுகள். அந்த மணத்தை எழுதத் தமிழ் காணாது. செத்த எலியை அழுகின முட்டைக்குள் வைத்து வெயிலில் விட்டால் கிட்ட வரலாம். இரண்டு நாள் அக்கா எனக்குச் சோற்றை வேலிக்கு மேலால்தான் தந்தா.

மூன்றாம் நாள் காலை, கோயில் பொங்கலுக்குப் போய்த் திரும்பும் வழியில் சின்னத்தம்பியரின் மாட்டுவண்டில் என் படலையில் நின்றது. வண்டிலுக்குள் மனைவியும் பூமணியும். சம்பந்தம் முடிவாகாத வீட்டுக்குப் பெண் இறங்கக் கூடாது, அதனால் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர் மட்டும் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வந்து குழியை எட்டிப் பார்த்தார். அக்காவும் அத்தானும் ஓடி வந்தார்கள்.

"நல்ல குழி," என்றார். "தண்ணிதான் இல்லை. எங்கை உம்மட முல்லைத்தீவு ஆள்? கூப்பிடும், நானும் அந்தப் பெரிய மனிசனை ஒருக்காப் பாப்பம்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நாப்பது வருசமா நான் பாத்த காணியள். ஒருத்தனும் என்னை விட்டிட்டு வெளியூரானைக் கூப்பிட்டதில்லை. ஆளைக் காட்டும், தம்பி."

சீனிக் கடையில் செய்வதைச் செய்தேன். விரலை நீட்டிப் பாலை மரத்தைக் காட்டினேன்.

அவர் மரத்தைச் சுற்றி நடந்தார். பின்னால் ஒருவரும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் பொந்தைக் காட்டினேன்.

"உதுக்குள்ளையோ?"

தலையாட்டினேன்.

அவருடைய முகம் மாறியது. தொழில்காரரின் யோசனை தொழிலுக்குள்தானே போகும். வெளியூரான் பொந்துக்குள் செப்புத் தகட்டில் மந்திரம் எழுதி வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைப் பொந்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

எனக்கு எல்லாம் தெரியும். உள்ளே நாலு குஞ்சு என்று தெரியும். எந்தத் திசைக்கு அடிக்கும் என்றுகூடத் தெரியும். சொல்ல வேண்டியது, முகத்தை எடுங்கோ என்று இரண்டே சொல். தொண்டை வரைக்கும் வந்தன. வாயைத் திறந்தேன். சீறல் கேட்டது. அதற்குப் பிறகுதான் என் வாயில் இருந்து, ஊருக்கே கேட்கும்படி, "மாமா" என்று வந்தது.

நேரம் கடந்துவிட்டது.

அவர் கண்ணை மூடியபடி திரும்பினார். நெற்றித் திருநீறு இருந்த இடத்தில் இப்போது வேறொன்று வழிந்துகொண்டிருந்தது. சத்தம் போடவில்லை. கையை முன்னால் நீட்டி, பழக்க தோசத்தில் கேட்டார்: "கிணறு எங்கை?"

எல்லாரும் குழியைப் பார்த்தோம்.

அக்கா வீட்டுக்குள் ஓடிக் குடத்தோடு வந்தா. அரைக் குடம்தான் இருந்தது. அது மூக்குக்கே போதவில்லை. நான் வெறுங்குடத்தைப் பறித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன். படலையைத் தாண்டும்போது வண்டிலுக்குள் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. என் கலியாணம் அந்த இடத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஓடும்போது அழுகையும் வந்தது. ஆனாலும் ஐந்து தரம் ஓடினேன்.

ஐந்தாவது குடத்துக்குப் பிறகு அவர் ஈரத் தலையோடு மரக்குற்றியில் இருந்தார். மாடுகள்கூட அவருடைய பக்கம் திரும்பவில்லை.

"உமக்கு வாய் ஒண்டு இருக்கோ, இல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

இழக்க ஒன்றும் மிச்சம் இல்லை என்று தெரிந்ததும் எனக்குப் பேச்சு வந்தது. சுலைமான் நபியில் இருந்து தொடங்கினேன். குருவி, தடி, பட்டி, புழு, அத்தானிடம் சொன்ன பொய், அவருடைய வேலி வரைக்கும் வந்து ஆட்டைக் கலைத்தது எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். "உங்களைக் கூப்பிட எனக்கு வெக்கமா இருந்தது, மாமா," என்று முடித்தேன். அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றா. நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவா கேட்டதில்லை.

சின்னத்தம்பியர் சால்வையால் முகத்தை இன்னொரு தரம் துடைத்தார். "அப்ப முல்லைத்தீவான் எண்டு ஒருத்தனும் இல்லை?"

"இல்லை."

"வெறும் குருவி?"

"வெறும் குருவி."

அவருடைய தோள் இறங்கியது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குருவி தன் முகத்தில் செய்ததை அவர் மன்னிக்கத் தயார். இன்னொருவன் தன் தொழிலில் கை வைப்பதைத்தான் பொறுக்க முடியாது. எழும்பி, வண்டிலில் இருந்து தேங்காயை எடுத்துவந்து காணியைச் சுற்றினார். குழியில் இருந்து பதினைந்து அடி தள்ளித் தேங்காய் எழும்பி நின்றது. "இஞ்சை வெட்டும்," என்றார்.

வெட்டினோம். அங்கேயும் இரண்டு ஆள் ஆழத்தில் அதே கிறவல்.

இது நானும் அவரும் மட்டும் கண்ணால் பார்த்த விசயம். அத்தான் காய்ச்சலில் கிடந்ததால் அன்றைக்குக் கடகம் இழுத்தவர் அவரேதான். குழிக்குள் நின்ற என்னை மேலே இருந்து பார்த்தார். நான் கீழே இருந்து பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சங்கக்கடையில் வைத்துக் கேட்டவர்களுக்கும் சொல்லவில்லை. ஒரு கிழமை பொறுத்திருந்து பார்த்தவர், கலியாணத்துக்கு நாள் வைக்கச் சொல்லி அக்காவுக்குச் செய்தி அனுப்பினார். இப்படி வாய் திறக்காத மருமகன் வேறு எங்கே கிடைப்பான்?

கிணறு கடைசியில் குசினிக்கு, அதாவது அடுப்படிக்கு, பின்னால் வந்தது. பூமணி வந்த பிறகு, "எங்கை வெட்டினாலும் வெட்டுங்கோ, குசினிக்குக் கிட்ட வெட்டுங்கோ" என்றாள். இருபத்தைந்து அடியில் நல்ல தண்ணீர். காசிம் நானா அதில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நான் சொன்னது கதை, தம்பி. அது காட்டினது நபிக்கு. உங்களுக்கும் காட்டும் எண்டு நான் சொன்னேனா?"

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது சொல்ல வந்து தடுமாறி நின்றால், பூமணி அடுப்படியில் இருந்தபடியே, "கெதியாச் சொல்லுங்கோ, ஐயா முகத்தைக் கொண்டுபோறார்" என்பாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவனுடைய வாத்தியாருக்கு முன்னால் நான் நின்றபோது அவனும் இதைச் சொன்னான். வாத்தியாருக்கு விளங்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன் மாமாவிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். போன கிழமை போய் அவர் முன்னால் நின்றேன். இப்போது அவருக்குக் கண் பார்வை இல்லை. செருமலை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார். "சொல்லும் தம்பி," என்றார். "முகத்தை இன்னும் கொண்டுபோகேல்லை."

விசயத்தைச் சொன்னேன். நல்லா எழுதும் என்றார். பிறகு குரலைத் தணித்து, "அந்த ரெண்டாவது குழியையும் குருவி காட்டினது எண்டே எழுதிவிடும்," என்றார்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டப் போவது நான்தான். "ஓம் மாமா," என்றேன். வாசிக்கும்போது அந்த இடத்தில் குருவியின் பெயரைச் சொல்லிவிடலாம்.