எங்கள் தெருவின் எஸ்.ஐ. அப்பா

விருத்தாசலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே உத்தியோகம் போட்டுக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் தெரு எஸ்.ஐ. அப்பாதான். அவருக்கும் போலீசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பீங்கான் பொம்மைக் கம்பெனியில், அச்சிலிருந்து பொம்மைகளைப் பதமாகப் பிரித்தெடுக்கிற வேலை. எதிரே காக்கிச் சட்டையில் யார் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். வருகிறவர் தபால்காரராக இருந்தாலும் சரி.

ஆஸ்பத்திரியில் மகள் பிறந்து வீறிட்டு அழுதபோது வெளியே நின்ற எங்களிடம் வந்தார். “கொரலு கேட்டீங்களா? பொறந்துருக்கறது எஸ்.ஐ.” என்றார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று.

குழந்தைக்கு சுகன்யா என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூட டீச்சர்களைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. சோறு உண்ணாத பிள்ளைகளிடம் “தோ, எஸ்.ஐ. வருது” என்று தெரு மொத்தமும் பயம் காட்டியது. அந்த நேரத்தில் எஸ்.ஐ. தன் வீட்டில் சோறு வேண்டாமென்று புரண்டு அழுதுகொண்டிருக்கும்.

அவள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து வீட்டு அக்காவின் கோழி காணாமல் போனது. புகார் நேராக அவளிடம் வந்தது.

“எனக்கு ஹோம்வொர்க் இருக்குதுக்கா.”

“மொதல்ல கேஸ முடி கண்ணு. அப்பறம் எழுதிக்கலாம்.”

பாவம், அவளும் வீடு வீடாகப் போய் விசாரித்துக் கோழியைக் கண்டுபிடித்தாள். அது என் வீட்டு விறகுக் கட்டுக்குப் பின்னால் அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியே விரும்பி வந்த இடம் என்று எவ்வளவு சொல்லியும் கொஞ்ச நாள் தெரு என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது.

உயரம்தான் பெரிய சிக்கல். அப்பாவும் அம்மாவும் குள்ளம். அவர் வாசல் நிலையில் இரும்புக் கம்பி மாட்டி மகளைத் தினமும் தொங்கச் சொன்னார். ஒரு நாள் நிலை பெயர்ந்து கையோடு வந்தது. விடிந்தால் சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஓட்டம். அவள் முன்னே ஓட, இவர் சைக்கிளில் பின்னால் போவார். “இன்னும் கொஞ்சம் ஒசரமா ஓடும்மா” என்று இவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

டிகிரி முடித்தாள். எழுத்துத் தேர்விலும் பாஸானாள். உடல் தகுதித் தேர்வுக்குக் கடலூர் போகும்போது, “எனக்குக் கையி காலு ஓடல. தொணைக்கு வாங்க தம்பி” என்று என்னையும் அழைத்துப் போனார். எங்களை மைதானத்து கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வெகுநேரம் கழித்து அவள் வந்தாள்.

“ஒசரம் ஒரு விரக்கட கம்மியாம்பா.”

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஒரு போலீஸ்காரரிடம் போய்ப் பேசினார். “சார், இன்னொரு வாட்டி அளந்து பாக்கச் சொல்லுங்க. காலைல எழுந்திரிச்சப்ப ஒசரமாதாங்க இருந்துச்சு.” அந்தப் போலீஸ்காரர் சிரிக்கவில்லை. “ரெண்டு வாட்டி அளந்தாச்சு பெரியவரே. வூட்டுக்குக் கூட்டினு போங்க” என்றார்.

பஸ்ஸில் மூவருக்கு ஒரே இருக்கை. பஸ் நெய்வேலியைத் தாண்டியது. பிறகு அவர், “என் குள்ளந்தாம்மா உன்னக் கவுத்துடுச்சு” என்றார்.

“அப்பா, எனக்கு போலீஸாவணும்னு ஆசையே இல்லப்பா.”

“அப்பறம் ஏம்மா அந்த ஓட்டம் ஓடுன?”

“ஓடப் புடிச்சுது. நீ பின்னால பேசிகிட்டே வருவ. அது புடிச்சுது.”

“முன்னாடியே சொல்றதுக்கு என்னா?”

“தெருவே எஸ்.ஐ.ங்குது. யாருகிட்டன்னு சொல்றது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்மாபுரம் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பஸ் கிளம்பியதும் அவளைப் பார்த்து, “அப்ப உனக்கு என்னாதாம்மா ஆவணும்?” என்றார். மகள் பிறந்ததிலிருந்து அவர் கேட்காத கேள்வி அது.

“தெரியலப்பா. யோசிக்கணும்.”

“யோசி, யோசி. அவசரம் ஒண்ணுமில்ல.”

தெருமுனையில் டீக்கடைக்காரர் மாலையோடு நின்றார். விஷயத்தைச் சொன்னோம். “அதுனால என்னா, வக்கீலுக்குப் படிக்க வச்சிடுவோம்” என்று ஒருவர் ஆரம்பித்தார். எதற்கும் குரல் உயர்த்தாத எஸ்.ஐ. அப்பா நடுத்தெருவில் கைகூப்பிவிட்டார். “யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொன்னதே போதும். அது யோசிக்கட்டும்.”

யோசிக்க அவள் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள். அதுவரை அவள் எதிரில் வேலையைப் பற்றிப் பேசியவர்களையெல்லாம் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். இந்த வகையில் எனக்கும் நிறைய டீ கிடைத்தது. கடைசியில் அவளே தேடி உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தாள். இப்போது பெண்ணாடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர்.

போன வருஷம் அவள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு அவர் என்னையும் கூட்டிப்போனார். ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகும் ஒரு குண்டுப் பெண் மட்டும் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். எங்கள் மனிதர் எழுந்து நின்று, அவள் கோட்டைத் தொடும்வரை கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர், “உங்க பேத்திங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. யாரு வூட்டுப் புள்ளயோ. ஆசையா ஓடுச்சு” என்றார். கை சிவந்திருந்தது. நானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.