மிஞ்சிய ஒரே கவுன்டர்

“கேன்சலா? யாரைக் கேட்டு கேன்சல் பண்ணீங்க?”

தலைமையாசிரியை போட்ட சத்தத்தில் விமான நிலையமே ஒரு கணம் கைகட்டி நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு வெளியூரில் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். போய்ச் சேர்ந்தாக வேண்டும். பின்னால் இரண்டு பெட்டிகளோடு நின்ற கணவர், பார்த்தவர்களிடமெல்லாம் அசடு வழிந்தார்.

“மூணு மணி விமானத்துல இடம் இருக்கு மேடம்,” என்றாள் கவுன்டர் பெண்.

“அது இருக்கட்டும். முதல்ல புகார் புத்தகத்தை எடும்மா!”

இரண்டு பக்கம் எழுதினார். எழுத்துப் பிழை பார்த்து, கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள், அதே கேன்சலில் மாட்டிய மற்றவர்கள் மூன்று மணி விமானத்தை நிரப்பிவிட்டார்கள்.

“சாயங்காலம் ரெண்டு சீட் இருக்கு. ஆனா மூணு மடங்கு விலை.”

“பகல் கொள்ளையா இருக்கே! கூப்பிடு உன் மேனேஜரை!”

மேனேஜர் வந்தார். அரைமணி நேரம் அவருக்குப் பாடம் நடந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கணினியைத் தட்டியவர், “ஸாரி மேடம், அந்த ரெண்டு சீட்டும் இப்பத்தான் போச்சு,” என்றார்.

“வாங்க, வேற கம்பெனியில போகலாம்!” என்று கணவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

“வேற கம்பெனி எங்கம்மா இருக்கு?” என்றார் கணவர்.

வரிசையாக ஐந்து கவுன்டர்கள். நான்கில் தூசி.

கடைசியில் பஸ்தான் கதி. பதினாறு மணி நேரம். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் அவரிடம் கொட்டித் தீர்த்தார்.

“யார் வேணும்னாலும் விமானம் விடலாம், என்ன விலை வேணும்னாலும் வைக்கலாம்னு அரசாங்கம் சொல்லிச்சு. அஞ்சு பேர் வந்தாங்க, போட்டி போட்டுக் குறைச்சாங்க. இப்ப ஒருத்தன் மிஞ்சினான், அவன் வச்சதுதான் விலை! கேட்க நாதியில்லை! மத்த நாலு பேரையும் யாருய்யா ஒழிச்சது?”

“நீங்க முன்னாடி எதுல போவீங்க மேடம்?”

“ஒரு சின்னக் கம்பெனி. சொன்ன நேரத்துக்கு டாண்ணு இறக்கி விடுவாங்க. அப்புறம் இவன் பாதி விலைன்னானா, மாறிட்டோம். எங்க ஸ்கூல்ல அத்தனை பேரையும் மாத்தி விட்டதே நான்தான்!”

டிரைவர் கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

“பெல்ட்டைப் போட்டுக்குங்க மேடம். அந்தச் சின்னக் கம்பெனியோட கடைசி விமானத்தை ஓட்டினது நான்தான். மூணே மூணு பேர் ஏறியிருந்தாங்க.”