மரத்துக்காகப் பேசியவள்

குளியலறைக் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு இன்னொரு பலாப்பழம் விழுந்ததும், வாலாம்பாள் அடுப்பை விட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். குனிந்து வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"ஏன்னா, இந்தச் சக்கை வாசனை இருக்கற ஆத்துல என்னால இருக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு அது போகணும், இல்லை நான் போகணும்."

திருவனந்தபுரத்தில் பலாவுக்குச் சக்கை என்றுதான் பெயர். நீலகண்டனுக்கோ மரமும் உயிர், மனைவியும் உயிர். கரமனை அக்ரஹாரத்து வீட்டில் எட்டு வருஷமாக அவர்கள் இருவர்தான். பின்கட்டில் அந்த மரம். அதுவும் போன வருஷம் வரை ஒரு பிஞ்சு விட்டதில்லை. வெட்டிக் கதவு பண்ணிவிடலாம் என்று அவன் கிளம்பியபோது, அடுத்த வீட்டு நாகலக்ஷ்மி மாமி பழைய முறை ஒன்றைச் சொன்னாள். ஒருவர் கோடாலியை ஓங்கி மரத்தை மிரட்ட வேண்டும். இன்னொருவர் மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு மரமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீலகண்டன் கோடாலியை ஓங்கினான். பின்னாலிருந்து வாலாம்பாள், "வெட்டாதேங்கோ. அடுத்த வருஷம் நான் ஏமாத்த மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னவளின் குரல் ஏனோ தழுதழுத்தது.

மரம் ஏமாற்றவில்லை. வேரிலிருந்து உச்சி வரை காய்த்துத் தள்ளியது. நீலகண்டன் தலைகால் புரியாமல், தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினான்.

இப்போது அதே வேகத்தில் பழங்களை விரட்டக் கிளம்பினான். முதலில் சுளை சுளையாக எடுத்து, வீடு வீடாகத் தட்டில் கொடுத்தான். வந்த பாத்திரத்தை வெறுமே திருப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. சாயங்காலத்துக்குள் ஒரு தட்டில் சக்கவரட்டி, ஒரு கிண்ணத்தில் சக்கைப் பிரதமன், ஒரு தூக்கில் சக்கை அடை என்று எல்லாம் திரும்பி வந்தன. நெய்யும் வெல்லமும் சேர்ந்து வீடே மணத்தது. வாலாம்பாள் மறுபடி கிணற்றடிக்குப் போனாள்.

மறுநாள் இரண்டு பழங்களை ஜட்காவில் ஏற்றிப்போய் ஆபீஸ் சூப்ரண்டுக்குக் கொடுத்தான். அவர் உருகிப்போனார். பொழுது சாய்வதற்குள் அவருடைய பியூன் மூன்று பழங்களோடு வாசலில் நின்றான். எஜமானின் மரத்துப் பழத்தை ருசி பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவாம்.

தம்பானூருக்கு ரயில் வந்த புதிது அது. வியாழக்கிழமை நீலகண்டன் ஒரு பெரிய பழத்தைச் சுமந்துபோய், ஸ்டேஷன் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தான்.

"சுவாமி, சக்க மறந்நு போயி" என்று பின்னால் குரல் கேட்டது. போர்ட்டர்.

நீலகண்டன் நடையை எட்டிப் போட்டான். போர்ட்டரும் பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டிப் போட்டான். கரமனைப் பாலத்தில் மூச்சு முட்டி நின்ற நீலகண்டன், அதை அவனையே வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினான்.

"வேண்டா சுவாமி. என்றெ வீட்டில் நாலு பிலாவு உண்டு" என்று சொல்லி, போர்ட்டர் பழத்தை அவன் தோளில் ஏற்றிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் வாலாம்பாள் பெட்டியைக் கட்டினாள். அவள் போவதைவிட மரம் போகட்டும் என்று நீலகண்டன் கோடாலியை எடுத்தான். மரத்தைப் பார்த்தால் கை வராது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓங்கினான்.

"வெட்டாதேங்கோ" என்றது மரம்.

கண்ணைத் திறந்தான். வாலாம்பாள் மரத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த நொடி, வாசனை தாங்காமல் அங்கேயே குனிந்தாள்.

நாகலக்ஷ்மி மாமி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏண்டி, கொஞ்ச நாளா எங்காத்து நார்த்தங்காயை ஜாடியோட காலி பண்றயே, அதுவும் சக்கையாலதானா?"

வாலாம்பாள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இவளுக்குச் சக்கை வாசனை ஆகலை மாமி, அவ்வளவுதான்" என்றான் நீலகண்டன், ஓங்கிய கோடாலியை இறக்காமல்.

"அதைக் கீழே வைடா, நீலகண்டா. போன வருஷம் ஏமாத்த மாட்டேன்னு வாக்குக் கொடுத்தது மரமா? இவதானே. அதைக் காப்பாத்தறவளுக்கு மசக்கை வராம வேற என்ன வரும்?"