டாக்டரின் காலியான இடது பக்கம்

அரசாங்கத்தின் முகம் நவீனமாக இருத்தல் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆகவே பதிவு அதிகாரிகள் அனைவரும் ஃபேஷன் பத்திரிகையில் வருவதுபோலத் தம்மைப் படம் எடுத்து அலுவலக வாசலில் மாட்ட வேண்டியது.

கொச்சபம்பாப் பள்ளத்தாக்கின் அந்தச் சிற்றூரில் திருமணப் பதிவு அதிகாரி தோன் நிக்கானோர். அங்கே மரியாதைக்கு ஆணைத் 'தோன்' என்றும் பெண்ணைத் 'தோன்யா' என்றும் சொல்வார்கள். படித்த அதிகாரி யாராக இருந்தாலும் அந்த ஊர் டாக்டர் என்றுதான் கூப்பிடும். யாருக்கும் ஒரு தலைவலியைக்கூட அவர் குணப்படுத்தியதில்லை, கொடுத்ததுண்டு. வயது ஐம்பது, தொப்பை உண்டு, மனைவி இல்லை. சுற்றறிக்கையைப் படித்ததும் அவர் நினைத்தது அரசாங்கத்தின் முகத்தை அல்ல, பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்த எழுத்தர் செனோபியாவின் முகத்தை. அந்த விதவை ஒரு நாளாவது தன்னை நிமிர்ந்து பார்க்க மாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தார், பாவம்.

ஊரில் இருந்த ஒரே புகைப்படக்காரர் எவரிஸ்தோ. கல்யாணத்தைத் தவிர வேறெதையும் எடுத்தறியாதவர்.

"இடது பக்கம் லேசா சாயுங்க, டாக்டர். அந்தம்மா தோள்மேல கைய போடுங்க."

"எந்தம்மாய்யா?"

"இருக்கிறதா நெனச்சுக்கங்க. கைய சும்மா தொங்கவிட்டா படத்துல உயிர் இருக்காது. வயித்த உள்ள இழுங்க. இன்னும்… சரி விடுங்க, அவ்வளவுதான் வரும்போல."

பழக்கதோஷத்தில் எவரிஸ்தோ, அங்கே மணமக்கள் தலையில் தூவும் வண்ணக் காகிதத் துணுக்கை ஒரு பிடி அள்ளி டாக்டர் தலையில் போட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினார்.

படம் வாசலில் ஏறியது. டாக்டர் காற்றை அணைத்துக்கொண்டு சிரித்தார். தெருவுக்கே அது பிடித்துப்போனது. 'டாக்டர் ஸ்டைல்' என்று பெயர் வைத்து, ஊர் இளவட்டங்கள் அதேபோல் படம் எடுத்துக்கொள்ள எவரிஸ்தோவின் கடையை மொய்த்தார்கள்.

செனோபியா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் நேராகக் கேட்டுவிட்டாள்.

"அந்த எடத்துல யாரு, டாக்டர்? வெட்டி எடுத்துட்டீங்களா?"

"சத்தியமா யாருமில்ல, தோன்யா செனோபியா. காலி எடம்."

"எத்தன நாளா காலி?"

"பொறந்ததுலேருந்து."

அவள் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "நான் நின்னா அந்தக் கைக்கு எட்டுவேனா?"

எட்டும் என்று டாக்டர் வேகமாகத் தலையை ஆட்டினார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு அதற்குமுன் வந்ததில்லை.

மறுநாள் காலை, கல்யாணத்துக்கு வேண்டிய மணமாகாதவர் சான்றிதழ் கேட்டு அவரே மனுப் போட்டார். அதை வாங்கிப் பார்த்த செனோபியாவின் முகம் வெளுத்தது.

"டாக்டர்… நம்ம விதி."

விதியை இயற்றியவர் அவரேதான். எவருக்குக் கல்யாணக் கோலத்தில், கல்யாணப் புகைப்படக்காரரால் எடுக்கப்பட்ட படம் உள்ளதோ, அன்னாருக்கு மேற்படி சான்றிதழ் வழங்கலாகாது. ரொட்டிக் கடை ப்ளோரென்சியோ கோட்டுக் கடை விளம்பரத்துக்கு மாப்பிள்ளையாக நின்ற பாவத்துக்கு, இந்த விதியைக் காட்டித்தான் அவனை டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார்.

"பக்கத்துலதான் யாருமே இல்லையே!"

"ப்ளோரென்சியோவும் அதத்தான் சொன்னாரு. 'பெண் தெரியாவிட்டால் இல்லையென்று ஆகிவிடாது'ன்னு நீங்கதான் எழுதச் சொன்னீங்க. விவாகரத்துத் தீர்ப்பு கொண்டுவாங்க."

"இல்லாதவள எப்படி விவாகரத்து பண்றது?"

"அதையும் அவரு கேட்டாரு." செனோபியாவின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் டாக்டர் வளர்த்த எழுத்தர் அவள். முத்திரைக் கட்டை அசையவில்லை.

டாக்டர் வாசலுக்கு ஓடினார். சான்றிதழ்களுக்காக நின்ற வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "பொதுமக்களே! உங்க கஷ்டம் இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. இந்த விதி ரத்து. ஆட்சேபணை உண்டா?"

ஆட்சேபணை கேட்காமல் எதையும் ரத்து செய்யக்கூடாது என்பதும் அவர் இயற்றியதுதான்.

"உண்டு," என்றான் ப்ளோரென்சியோ. பிறப்புச் சான்றிதழுக்கோ எதற்கோ வந்திருந்தான். "நான் கட்டிக்க இருந்தவ அந்தக் கோட்டுக்கடக்காரனையே கட்டிக்கிட்டா, டாக்டர். இப்ப ரெண்டு புள்ள. நான் அலைஞ்ச அலைச்சலுக்கு ஒரு மரியாத வேணாமா? உங்களுக்குன்னா மட்டும் விதி வளையுமா?"

"அதானே! எல்லாருக்கும் ஒரே சட்டம்!" என்று வரிசை மொத்தமும் கை தட்டியது. விதியை நிலைநிறுத்தக் கை தூக்கும்படி ப்ளோரென்சியோ சொன்னதும் ஒரு கைகூடக் கீழே இல்லை. ப்ளோரென்சியோ பக்கத்துக் கடையிலிருந்து வண்ணக் காகிதத் துணுக்கு வாங்கிவந்து, டாக்டர் தலையில் மரியாதையாகப் போட்டான்.

விதி நல்ல விதிதான், உறுதியாக இயற்றப்பட்டது என்று அந்த வேதனையிலும் டாக்டருக்கு ஒரு பெருமை வந்தது. தன்னைத் தானே உதைத்துக்கொள்ள முடியாமல் அந்தத் தொப்பை தடுத்தது.

"அடுத்தவங்க வாங்க," என்றாள் செனோபியா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

எல்லோரையும்விட உரக்கக் கை தட்டிய இளைஞன் ஒருவன் ஜன்னலுக்கு வந்தான். வருகிற சனிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். மணமாகாதவர் சான்றிதழ் வேண்டும்.

"எவரிஸ்தோகிட்ட படம் ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"ஆமா, டாக்டர் ஸ்டைல்ல," என்று பெருமையாகச் சொன்னவன், சொன்ன வாயை மூடவில்லை.

அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற இளவட்டங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.