பாடகர் குழுவுக்கு விழுந்த சீட்டு

ரெகொபோத் கல்லூரி, கான்சஸ்
அக்டோபர் 12, ஞாயிறு

என் பெருமதிப்புக்குரிய மச்சான், ஓய்வுபெற்ற போதகர் ஆல்டன் ஷ்டுக்கி அவர்களின் திருச்சமூகத்துக்கு, தங்கள் தங்கை லோரெட்டாவின் கணவனும் இக்கல்லூரியின் பொருளாளனுமான வால்டோ ஷ்ராக் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. பசு நலம். கோதுமை விதைத்தாயிற்று. என் முழங்கால்கூட இந்த வருஷம் பரவாயில்லை. ஆனால் தங்கள் தங்கை என்னோடு பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது. காரணம் விளையாட்டு. அவள் விளையாடவில்லை, நானும் விளையாடவில்லை. இருந்தும் விளையாட்டுதான் காரணம். பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன் நம் கல்லூரியில் மாணவர் எண்ணிக்கை இருநூற்று இருபதுக்கு இறங்கியதும், தலைவர் டாக்டர் பிரெண்ட் கோரிங் சிகாகோவிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார். அந்த மனிதர் மூன்று நாள் தங்கி, நம் பெண்கள் சுட்ட ஆப்பிள் பை அத்தனையையும் சாப்பிட்டுவிட்டு, "ஒரு புது அணி ஆரம்பித்தால் இருபது புது மாணவர் வருவார்கள்" என்று ஒரு வரி எழுதிக்கொடுத்துப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. தலைக்கவசம் மாட்டி மோதும் கால்பந்து, கூடைப்பந்து என்று ஆறு அணி இருந்த இடத்தில் இன்று பத்தொன்பது. பெண்கள் மல்யுத்தம் இருக்கிறது. பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கும் அணி இருக்கிறது. தூண்டில் போடும் அணி இருக்கிறது, மச்சான். முப்பது மைலுக்கு ஏரி கிடையாது, பிள்ளைகள் என் மாட்டுத் தொட்டியில் பயிற்சி எடுக்கிறார்கள், பசு மிரண்டு இரண்டு வாரம் பால் குறைந்தது. கணினியில் விளையாடும் அணியும் உண்டு. சுடுவது ஆயுதம் தொடாத நம் சபைக்கு ஆகாது என்பதால் டிராக்டர் ஓட்டும் விளையாட்டு மட்டும் அனுமதி. அந்த அணிக்கு எதிராக ஆட இன்னொரு கல்லூரி இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே தோற்காத அணி நம்மிடம் அது ஒன்றுதான்.

போன வசந்தத்தில் தலைவர் நிர்வாகக் குழுவின் முன் எழுந்து நின்று, "நம் விளையாட்டு வீரர்கள் நூற்றுத் தொண்ணூறிலிருந்து முந்நூற்று எண்பத்தெட்டாக உயர்ந்திருக்கிறார்கள்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எண்ணுபவன் நான்; தட்டு இருநூற்று முப்பத்தொன்றுதான். முந்நூற்று எண்பத்தெட்டு வீரர்கள் இருநூற்று முப்பத்தொரு தட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம் வழக்கம் தங்களுக்குத் தெரியாததா? ஒருவர் முகம் வாடும் என்றால் நாம் கணக்கை வாட விட்டுவிடுவோம்.

பிறகு ஆகஸ்டில் கோல்பி என்ற பையன் என் அறைக்கு வந்தான். ஆறடி மூன்று அங்குலம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், எனக்கு ஃபீஸ் பில்லே வர மாட்டேங்குது. செக்தான் வருது. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா சார்?"

"என்ன செக்குப்பா?"

"காலேஜ் செக் சார். உங்க கையெழுத்துதான். அம்மா திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஆனா கோச் அஞ்சாவது டீம்லயும் சேரச் சொல்றாரு, அதுல சேந்தா டிரக்கே வாங்கிடலாம்ங்கறாரு. என்ன சார் பண்ணட்டும்?"

விஷயம் இதுதான், மச்சான். படிப்புக் கட்டணம் முப்பத்தோராயிரம் டாலர். ஓர் அணியில் சேரும் பிள்ளைக்கு அந்த அணியின் பயிற்சியாளர் ஒன்பதாயிரம் சலுகை தருவார். கோல்பி கால்பந்தில் இருக்கிறான், மல்யுத்தத்தில் இருக்கிறான், பந்து உருட்டுகிறான், என் மாட்டுத் தொட்டியில் தூண்டிலும் போடுகிறான். நான்கு ஒன்பது முப்பத்தாறு. ஆக நம் கல்லூரியில் படிக்க அவன் பணம் கட்டவில்லை, படித்ததற்காக வருஷம் ஐயாயிரம் நாங்கள் அவனுக்குக் கட்டுகிறோம். நான்கு படிவம் நான்கு நிறத்தில், நான்கு கோப்பில், நான்கிலும் என் கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் ஒரு சென்ட் பிசகாமல் கணக்கு எழுதியவன் நான்! தேடிப் பார்த்தால் கோல்பியைப் போலப் பதினோரு பேர். புது அணிக்கு வந்த இருபது புது மாணவர்கள் யார் என்றால், பழைய இருபது பேர்தான், புதுச் சட்டையில்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் "வால்டோ, ஒரு டீமையாவது மூடணும். ஆனா எதைன்னு நான் எப்படிச் சொல்வேன்? பத்தொன்பது கோச்சும் எம் மூஞ்சியிலதான முழிக்கிறாங்க" என்றார். அதன்பேரில்தான் சீட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. போதகரைத் தேர்ந்தெடுக்க நம் முன்னோர் செய்தது போலவே: மேசையில் பாட்டுப் புத்தகங்களை வரிசையாக வைப்பது, ஒன்றில் மட்டும் சீட்டை மறைப்பது, ஆளுக்கு ஒன்று எடுப்பது, சீட்டு யார் புத்தகத்தில் இருக்கிறதோ அவர் அணிக்கு மூடுவிழா. மனிதன் யாரும் முடிவு செய்யவில்லை, ஆகவே யாரும் யார் மீதும் வருத்தப்பட முடியாது. சீட்டில் தலைவர் கையெழுத்துப் போட்டார். மறைத்தவன் நான்.

செப்டம்பர் இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை, ஆலயத்தின் கீழ்த்தளம். முதலில் காபி, பிறகு ஆப்பிள் பை, பிறகு ஜெபம். பத்தொன்பது புத்தகம் மேசையில். பயிற்சியாளர்கள் பதினெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். தூண்டில் பயிற்சியாளர் ஓக்லஹோமாவில் ஏதோ போட்டிக்குப் போய்விட்டார். கால்பந்துப் பயிற்சியாளர் டஸ்டின் டெக்சாஸ்காரர், நம் சபையில்லை, பாவம், "சார், இது லாட்டரி மாதிரிதானே? ஜெயிச்சா என்ன கிடைக்கும்?" என்று என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தார். பாடாமல் நம்மிடம் எந்தக் கூட்டமும் தொடங்காதே, அதற்காகப் பாடகர் குழுவை நடத்தும் லோரெட்டாவை ஒரு பாட்டுக்கு மட்டும் வந்துவிட்டுப் போகும்படி நானே கூப்பிட்டிருந்தேன்.

அவளுக்குப் புத்தகம் தேவையே இல்லை. அறுநூறு பாட்டும் நான்கு குரலிலும் மனப்பாடம், தங்களுக்கே தெரியும். ஆனால் புத்தகம் இல்லாமல் பாடினால் கர்வம் பிடித்தவள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று, அடக்கத்துக்காக, பதினெட்டுப் பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்தபின் மேசையில் மிஞ்சிக் கிடந்த பத்தொன்பதாவது புத்தகத்தை எடுத்தாள். விரித்தாள். சீட்டு அவள் செருப்பு மேல் விழுந்தது.

"அது தூண்டில்காரருடைய புத்தகம்" என்று சொல்ல ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. இல்லாத மனிதரைப் பற்றிப் பேசுவது புறங்கூறுதல் அல்லவா! டஸ்டின்தான் எழுந்தார்.

"அவங்க டீமே இல்லியே சார்! பாட்டுக் கிளாஸ்தானே அது?"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதான் டஸ்டின். நாம யாரும் நினைச்சே பாக்காத இடத்துல விழுந்திருக்கு பாருங்க. மனுஷன் போட்ட சீட்டுன்னா இப்படி விழுமா?" என்றார்.

நான் அப்போது செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. தலைவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் ஆமென் சொல்வது என் முப்பத்தொரு வருஷப் பழக்கம். சொல்லிவிட்டேன். சத்தமாகவும் சொன்னேன். லோரெட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். புத்தகத்தை மூடி மேசையில் நேராக வைத்தாள், மேலங்கியை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது கணக்கைக் கேளுங்கள். பாடகர் குழுவுக்கு வருஷச் செலவு இரண்டாயிரத்து முந்நூறு டாலர்: பஸ்ஸுக்கு டீசல், அங்கி துவைக்கும் கூலி. அவர்கள் சபை சபையாகப் போய்ப் பாடி வருவதால் வரும் காணிக்கை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இந்தக் கல்லூரியில் செலவைவிட வரவு அதிகமாக உள்ள ஒரே காரியம் அதுதான், அது தெரிந்த ஒரே ஆளும் நான்தான், ஆமென் சொன்ன ஆளும் நானேதான். மிச்சம் பிடித்த இரண்டாயிரத்து முந்நூறில் டஸ்டினுக்கு ஆறு தலைக்கவசம் வாங்கினோம். அளவு சரியில்லை.

ஒரு வாரத்துக்குள் காணிக்கை தருபவர்களிடமிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. நம்மவர்கள் கோபத்தைக் காட்டுவார்களா? "தங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள், உள்ளே காசோலை இல்லை. தலைவர் அரண்டுபோய் ஒரு யோசனை கண்டுபிடித்தார். சீட்டை மீற முடியாது, பாடகர் குழு ஒழிந்தது ஒழிந்ததுதான். ஆனால் "போட்டிப் பாட்டு" என்று இருபதாவது அணி ஒன்று புதிதாக ஆரம்பித்தால் சீட்டு என்ன செய்யும்? லோரெட்டாவுக்குக் கல்லூரி நிறத்தில் ஒரு பயிற்சியாளர் உடையும் ஒரு விசிலும் என்னிடம் கொடுத்தனுப்பினார். அணி என்றால் சலுகை உண்டே, பாடும் பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒன்பதாயிரம் என்று பெருக்கிப் பார்த்தேன்: நான்கு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். இதுவரை இலவசமாகப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்! இருந்தாலும் உடையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். சமாதானத்துக்கு ஏதாவது ஒன்று கொண்டுபோக வேண்டுமே. இரவு படுக்கப் போனபோது அது அழகாக மடித்து என் தலையணை மேல் இருந்தது, விசில் நடுவில்.

மச்சான், சாப்பாடு வருகிறது, சட்டை இஸ்திரி ஆகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் அடுப்படியில் வேலை செய்யும்போது தாழ்ந்த குரலில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், முப்பத்தாறு வருஷமாக நான் அதைக் கேட்டதாகவே எனக்குத் தெரியாது. இப்போது அது இல்லாத வீட்டில் கடிகாரம்தான் அடிக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. நேற்றுப் பசுவிடம் போய் மன்னிப்புக் கேட்டுப் பழகிப் பார்த்தேன்.

ஆகவே தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தாங்களும் இருபத்து நான்கு வயதில் சீட்டு விழுந்து போதகரானவர். பன்றி வளர்த்துக்கொண்டிருந்த தாங்கள் மூன்று நாள் பன்றிக் கொட்டகையில் ஒளிந்துகொண்டு, "இன்னொரு தரம் போடுங்கப்பா, கை தவறியிருக்கும்" என்று அழுததாக மாமனார் ஒருமுறை சொன்னார். அதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சீட்டை ரத்து செய்து மறுபடி போட நம் வழக்கத்தில் இடமுண்டா? இருந்தால், தங்கள் பெயர் அச்சிட்ட பழைய தாளில் இரண்டே வரி எழுதி அனுப்புங்கள். அதைத் தலைவரிடமும் நீட்டுவேன், அவளிடமும் நீட்டுவேன். தாமதிக்க வேண்டாம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. தங்கள் ரத்த அழுத்தம் இறங்கவும், கல்லூரியின் வருமானம் ஏறவும், ஆண்டவர் இரண்டையும் மாற்றிச் செய்துவிடாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

தாழ்மையுள்ள,
வால்டோ

பின்குறிப்பு (அக்டோபர் 21): தபால்தலை வாங்க மறந்து கடிதம் ஒன்பது நாள் பையிலேயே இருந்துவிட்டது. நல்லதாயிற்று. சீட்டை ரத்து செய்ய இடமுண்டு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். யாராவது கேட்டால் ஐந்நூறு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை என்று சொல்லுங்கள். நடந்தது இது: ஒழிக்கப்பட்ட குழு பாடக்கூடாது என்று எங்கும் விதி இல்லை என்று லோரெட்டா கண்டுபிடித்துவிட்டாள். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு, வாடகைப் பஸ்ஸில், ஏழு சபைகளின் அறுவடை ஆராதனையில் பாடினார்கள். காணிக்கை அறுபத்தோராயிரம் டாலர். குழு கல்லூரியுடையது இல்லையே, ஆகவே பணமும் கல்லூரியுடையது இல்லை. கல்லூரியில் இந்த மாதச் சம்பளம் போடப் பணமில்லாமல், கடன் கேட்கத் தலைவர் என்னை என் மனைவியிடமே அனுப்பினார். என் வீட்டுச் சமையலறை மேசையில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்: "எவ்வளவு?" சொன்னேன். "ம்... உங்க காலேஜ் பொருளாளர் நம்பிக்கையான ஆளா?" என்றாள். "நல்லவன்தான். வாயை மூடத் தெரியாது, திறக்கவும் தெரியாது" என்றேன். சிரித்துவிட்டாள், மச்சான்! கடன் கிடைத்தது. இதைக் கேள்விப்பட்டு இன்று காலை டஸ்டின் என் அறைக்கு ஓடிவந்து, "சார், எங்களையும் ஒழிச்சிடுங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் பதினேழு பேர் நின்றார்கள். தலைவருக்கு யார் முகத்தையும் வாட விட மனம் வரவில்லை, ஆகவே வரும் திங்கள்கிழமை மறுபடி சீட்டு: இந்தத் தரம் எல்லாப் புத்தகத்திலும் சீட்டு இருக்கும், ஒன்றில் மட்டும் இருக்காது. அது யார் கைக்கு வருகிறதோ அவர் மட்டும் கல்லூரியில் இருந்து அதை நடத்த வேண்டும், மற்றவர்கள் போகலாம். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால், அடிக்குரல் பாடுகிறவர்கள் பக்கத்தில், ஓர் இடத்தை லோரெட்டா காலியாக வைத்திருக்கிறாள். நானும் புத்தகம் எடுக்கிறேன். எனக்காக ஜெபியுங்கள்.