இருபத்தைந்தாவது கையெழுத்து

நல்லூர்க் கந்தன் பேரில் சத்தியம். போதாவிட்டால் செல்வச்சந்நிதி முருகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது.

எண்பத்துநாலாம் ஆண்டு, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மருதனார்மடத்துக்குக் கிட்ட, தன்னுடைய ஒல்லாந்தர் காலத்து வீட்டின் வாசல் படலையில் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தார் சிவசுப்பிரமணியம். வீட்டுக்கு வயது இருநூற்றுப்பத்து. விற்றவரே சொன்னது.

அந்தச் சனி ஞாயிறு, ஊர் வாசிகசாலை பழைய வீடுகளைச் சனம் பார்க்கத் திறந்துவிட்டிருந்தது. இருபத்தைந்து பேர் வந்து வாசிகசாலை கொடுத்த கொப்பியில் கையெழுத்து வைத்தால் ‘புராதன வீடு’ என்று பலகை கிடைக்கும். வீட்டு முன் ஒழுங்கையை றோட்டாக அகலிக்க வருகிறவர்கள் பலகையுள்ள வீட்டைத் தொடமாட்டார்கள். பலகை இல்லையென்றால் சிவசுப்பிரமணியத்தின் முன் விறாந்தை றோட்டுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை முழுவதும் உள்ளே வந்தது ஒரேயொரு ஆடு. அதுவும் கையெழுத்து வைக்கவில்லை.

“இருக்க இடமில்லாத வீட்டுக்கு ஆர் வருவினம்? நாலு கதிரை போடுங்கோவன்” என்றாள் மனைவி குணலட்சுமி.

நாலா? வாசிகசாலையிலிருந்து நாற்பது வந்திறங்கியது. முற்றத்தில் வரிசையாகப் போட்டார். படலையை அகலத் திறந்தார். வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்றார்.

பத்து நிமிடத்தில் முதல் சைக்கிள் நின்றது. இறங்கியவர் முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்து அவருடைய கையைப் பிடித்தார். ஒரு கதிரையில் இருந்தார்.

“இருக்கிறதை விட்டிட்டு வீட்டை வடிவாப் பாருங்கோ!”

“இனிப் பாத்தென்ன, அண்ணை. எப்ப எடுக்கிறியள்?”

“எதை?”

“பிரேதத்தை.”

முற்றத்தில் கதிரை வரிசையும் வாசலில் வெள்ளை வேட்டியும் கண்டால் எங்கள் பக்கத்தில் அது செத்த வீடு; இறங்காமல் போவது மரியாதையில்லை. அதற்குள் இன்னும் ஒன்பது சைக்கிள்.

“இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை!” என்று கத்தினார் சிவசுப்பிரமணியம்.

“பாவம், மனிசன் தாங்கேலாமல் புலம்புது.”

ஆனாலும் விடவில்லை. பத்துப் பேரிடமும் கொப்பியை நீட்டினார். பத்துப் பேரும் ‘ஆத்மா சாந்தியடைக’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்து கையெழுத்துத்தான்.

வீட்டில் எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று காட்டக் குணலட்சுமியைக் கூப்பிட்டார். அவள் அப்போதுதான் முழுகியிருந்தாள். ஈரத்தலையை விரித்தபடி விறாந்தைக்கு வந்தாள். அவ்வளவுதான், செத்த வீடென்று கேள்விப்பட்டு வந்திருந்த பெண்கள் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி தொடங்கினார்கள்.

“என்ரை ராசாத்தி, உன்னை விட்டிட்டுப் போட்டாரே!”

“அவர் அங்கை நிக்கிறார் அக்கா!”

“ஓம் பிள்ளை, எங்கடை கண்ணுக்குள்ளையும் நிக்கிறார்.”

அவர்களும் ஆறு பேர் கையெழுத்து வைத்தார்கள். மொத்தம் பதினாறு.

இனி மங்களமாக ஏதாவது செய்யாவிட்டால் தன்னையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவருக்குப் பட்டது. வளவுக்குள் ஓடினார். குலையோடு இரண்டு வாழையை வெட்டிக்கொண்டுவந்து படலையின் இரண்டு பக்கமும் கட்டினார். ஒரு வான் வந்து நின்றது. பட்டுச்சேலையும் கையில் பரிசுப் பெட்டியுமாக எட்டுப் பேர் இறங்கினார்கள்.

“மாப்பிள்ளை ஆர்?”

“செத்த வீட்டிலை மாப்பிள்ளை கேக்கிறியளோ!” என்று கதிரைக்காரர் எழும்பினார்கள்.

“கலியாண வீட்டிலை ஒப்பாரி வைக்கிறது நீங்களெல்லே!”

இரண்டு பகுதியும் வேட்டியை மடித்துக் கட்டியது. நடுவில் பாய்ந்து, ஒரு கையால் அவர்களை விலக்கிக்கொண்டு மறு கையால் கொப்பியை நீட்டினார் சிவசுப்பிரமணியம். வானில் வந்த எட்டுப் பேரும் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடர்ந்தார்கள். பிறகு இரண்டு பகுதியும் அவரை ஏசிக்கொண்டே போனது.

ஐந்து மணிக்கு வாசிகசாலைச் செயலாளர் பத்மாசினி கொப்பியை எடுக்க வந்தாள்.

“இருபத்திநாலு, அண்ணை. ஒண்டு குறையுது.”

அவர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்போது படலைக்குள்ளால் ஒரு கிழவர் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. பிரேதத்தை விசாரிக்கவில்லை. சுவரைத் தடவினார். தூணை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். முகட்டை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்.

சிவசுப்பிரமணியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியே பிள்ளை! வீடு பாக்க வந்த ஒரே மனிசன்! ஐயா, இதிலை ஒரு கையெழுத்து. உங்கடை கருத்தையும் விரிவா எழுதுங்கோ.”

கிழவர் ஆறுதலாக, எழுத்தெழுத்தாக எழுதினார். பத்மாசினி கொப்பியை வாங்கி உரத்து வாசித்தாள்:

“ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டில் இந்த வீட்டைக் கட்டியவன் நானே. சுவர் இன்னும் வெடிக்கவில்லை. இப்படிக்கு, மேசன் ஏரம்பு.”